கயிறு கட்டிய கை

நொச்சிவிடுதி,
கந்தர்வக்கோட்டை வழி.
ஆனி 20, வெள்ளிக்கிழமை

அன்பு மாப்பிள்ளை உடையப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் ஆண்டிச்சாமி தன் கையாலேயே எழுதுவது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து வந்திருக்கிறது, மாப்பிள்ளை. ஒன்றரை வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் நடக்கிற வகுப்புக்குப் போகிறேன். நூறு நாள் வேலை முடிந்து வருகிற பெண்கள் பதினாலு பேர், ஆண் நான் ஒருவன். கிழக்குத் தெரு பரிமளாதான் சொல்லிக்கொடுக்கிறது. பரீட்சை எழுதினேன். பேர் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். கந்தர்வக்கோட்டை எவ்வளவு நீளமான பேர் தெரியுமா? நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. படித்துவிட்டாலும் கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்பேன். அவர் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கத்தான். போன வாரம் ஊரணிக் கரையில் கிடந்த காலி பாட்டிலை எடுத்துப் படித்தேன். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று போட்டிருக்கிறது. நீயும் நானும் எத்தனை பாட்டில் பார்த்திருப்போம். அதை நான் கம்பெனி முதலாளியின் பேர் என்றல்லவா நினைத்திருந்தேன், என்னடா இவ்வளவு நீளமாக வைத்திருக்கிறான் என்று.

ஊரில் மழை இல்லை. ஊரணியில் முழங்கால் தண்ணீர்தான். கஜா புயலுக்குப் பிறகு நீ வைத்த முந்திரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. உன் மகள் காவ்யாதான் மாமியார் வீட்டிலிருந்து வந்து ஆள் வைத்துப் பொறுக்கினாள். தோப்புக்குள் நின்று அழுதாள்.

வைகாசி பன்னிரண்டாம் தேதி நானும் காவ்யாவும் கோயம்புத்தூருக்கு உன்னைப் பார்க்க வந்தோம் அல்லவா, அதிலிருந்துதான் சொல்ல வேண்டும். யாருமில்லாதவர்கள் இருக்கிற அந்த இல்லத்தில் பன்னிரண்டு கட்டில். கடைசிக் கட்டிலில் நீ. “அப்பா, மாமா வந்திருக்காங்க” என்று காவ்யா சொன்னதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய். உள்ளிருந்தே அவளிடம், “போகச் சொல்லு ஆத்தா. இருபத்திநாலு வருஷம் சத்தியத்தைக் காப்பாத்துன மனுசன். முப்பத்தேழு நாள் தாங்காத பய நான். எந்த மூஞ்சிய வச்சு அவரைப் பாக்குறது?” என்றாய். இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வீங்கிப்போன உன் கால் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. உன்னிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருந்தது. பக்கத்தில் உன் மகள், சுற்றிலும் பதினோரு பேர். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதைச் சொல்வதற்குத்தான் எழுதப் படித்தேன். நீ எங்கே போனாய் என்றே தெரியாத காலத்திலேயே, என்றைக்காவது விலாசம் கிடைக்கும், அன்றைக்கு நானே எழுத வேண்டும் என்று வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வேறு ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைக்க முடியாத சமாச்சாரம் இது.

நம் ஊரணிக் கரைக் கருப்பரிடம் குடியை விட்டவன் கயிறு கட்டுகிற முறை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குத் தெளிகிறது. ஆடி மாதத்தில் ஈரத் துணியோடு வந்து, கடைசி பாட்டிலைக் கருப்பர் காலடியில் வைத்து, இனி என் பங்கையும் நீயே குடி சாமி என்று சொல்ல வேண்டும். பூசாரி விபூதி மட்டும் போடுவார். கயிறு கட்ட அவர் கை ஆகாது. முன்பே சத்தியம் செய்து, அதை ஒரு நாளும் முறிக்காதவன் கைதான் கட்ட வேண்டும். அறாத கை என்பார்கள். எனக்குக் கட்டியது ராமு கிழவர். அவர் போன பிறகு ஊரில் அறாத கை என்றால் என் கை. ஆடி வந்தால் என்னைத் தேடி வருவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். உனக்கும் நான்தான் கட்டினேன்.

மாப்பிள்ளை, அப்போது என் கை அறுந்த கை.

உன் அக்காள் செவந்தியின் கருமாதி முடிந்த மறுநாள். வந்த சொந்தமெல்லாம் கலைந்து போய்விட்டது. உச்சி வெயிலில் கருப்பரிடம் போய் நின்றேன். நான் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனே, நீ அவளைக் காப்பாற்றினாயா என்று சண்டை போட்டேன். யாரோ நேர்த்திக்கடனுக்கு வைத்த பாட்டில் ஒன்று அங்கே இருந்தது. பாதியைப் பூசாரி ஊற்றிவிட்டு மீதியை அப்படியே வைத்திருந்தார். நான் உட்கார்ந்து நியாயம் பேசினேன். கடையில் வாங்கினால்தானே சரக்கு, சாமி குடித்த மிச்சம் பிரசாதம்தானே, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா என்று எனக்கு நானே கேட்டு எனக்கு நானே பதில் சொன்னேன். குடித்தேன். ஊரணியில் வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த ஒரு தடவைதான்.

கயிறு கையிலேயே இருந்தது. அடுத்த ஆடியில் கட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். கட்டினேன். அன்றிலிருந்து பதினோரு பேருக்குக் கட்டியிருக்கிறேன், உன்னையும் சேர்த்து.

இதற்கு மேல் இன்று கை வலிக்கிறது.

ஆனி 25, புதன்கிழமை

உடையப்பா, ஒரு கூத்து கேள். கவர் மேலே விலாசம் எப்படி எழுதுவது என்று கேட்கப் பரிமளாவிடம் போனேன். “யாருக்கு தாத்தா இம்புட்டு நீளமா? லவ் லெட்டரா?” என்றாள். உனக்கு என்றேன். அவள், “ஒடையப்பன் மாமாவுக்குப் படிக்கத் தெரியாதே தாத்தா. யாரு படிச்சுக் காட்டுவா?” என்றாள்.

ஒன்றரை வருஷம். அ, ஆவிலிருந்து ஆரம்பித்து, சிலேட்டில் எழுதி எழுதி அழித்து, மூன்றாவது ஆள் காதில் விழக் கூடாது என்று எழுதக் கற்றுக்கொண்டேன். நீயும் என்னைப் போல எழுத்து தெரியாதவன் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. நம் இரண்டு பேரில் ஒருவன் படித்தால் போதும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. பரிமளாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். நாலு பக்கம், மாப்பிள்ளை. கிழிக்க மனசு வரவில்லை.

அதனால் இனி நான் இரண்டு பேருக்கு எழுதுகிறேன். ஜெபக்குமார் தம்பி, வணக்கம். உடையப்பனைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள், காவ்யாவுக்குப் போன் பண்ணியவரும் நீங்கள்தான், இதைப் படித்துக் காட்டுவதும் நீங்களாகத்தான் இருக்கும். அவனுக்கு வலது காது மந்தம். இடது பக்கம் உட்கார்ந்து படியுங்கள். போதும் என்று கையை ஆட்டினாலும் நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டால் கேட்கட்டும்.

ஆனி 31, செவ்வாய்க்கிழமை

ஊர் பேர் தெரியாத கட்டில்காரர்கள் கேட்கலாம், உள்ளூரில் கயிறு கட்டிக்கொண்டவன் கேட்கக் கூடாதா என்ற எண்ணம் வந்துவிட்டது. நான் கட்டிய பதினோரு பேரில் ஏழு பேர் முறித்துவிட்டார்கள். நிற்கிறவர்கள் நாலு பேர். அதில் ஐந்து வருஷமாக நிற்கிறவன் குட்டியானை வண்டி ஓட்டுகிற குணசேகரன். அவன் எப்படிக் கிடந்தவன் என்று உனக்குத் தெரியும். சந்தைப்பேட்டைச் சாக்கடையிலிருந்து நீயும் நானுமே ஒரு தடவை தூக்கி வந்திருக்கிறோம். இது யார் வழியாகவோ அவன் காதுக்குப் போவதைவிட நானே சொல்வது யோக்கியம் என்று சனிக்கிழமை காலையில் போனேன்.

வண்டி கழுவிக்கொண்டிருந்தான். சொன்னேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே, “எனக்குக் கட்டுனதுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று அது ஒன்றை மட்டும் கேட்டான். முன்னாடி என்றேன். குழாயைக் கீழே போட்டான். நான் அவசரமாக, கையில் என்ன இருக்கிறது அய்யா, ஐந்து வருஷம் கடை வாசலைத் தாண்டிப் போனது உன் கால்தானே, என் கையா உன்னைத் தடுத்தது என்றேன். அவன் சிரித்தான். “பெரியப்பா, எனக்கு எங்க பலம் இருக்கு? சாயங்காலம் ஆனா கை நடுங்கும். அப்பெல்லாம் இந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு, இது ஆண்டிச்சாமி கட்டுனதுன்னு சொல்லிக்குவேன். அம்புட்டுத்தான் நான் பண்ணுனது” என்றான். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். தூக்கி எறியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனான்.

நேற்று அவன் பெண்டாட்டி ராஜலட்சுமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “ரெண்டு நாளா குடிச்சிட்டு வண்டியிலயே கெடக்காரு. ஒங்க மனசு பாரத்த எறக்கி வைக்க எம் வீடுதான் கெடச்சுச்சா? பொய்யின்னா பொய்யாவே இருந்துட்டுப் போவட்டுமே. அந்தப் பொய்யிலதான் எம்புள்ளைக ரெண்டும் அஞ்சு வருஷம் சோறு தின்னுச்சு” என்றாள். ஏசிவிட்டுப் போகும்போது, “ஒங்களுக்கு எழுத்து வந்ததுக்குப் பதிலா வேற ஏதாச்சும் வந்திருக்கலாம்” என்றாள்.

அவள் பேசியதில் எது தப்பு என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்வது நல்லதுதானே என்று நினைத்தேன். யாருக்கு நல்லது என்று யோசிக்கவில்லை. மற்ற மூன்று பேரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை. தெருவில் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இன்னொரு முடிச்சும் இதில் இருக்கிறது, எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் உன் கயிறு நிற்காததற்கு நான் காரணம், ஆனால் குணசேகரன் எப்படி ஐந்து வருஷம் நின்றான்? கையில் ஒன்றுமில்லை என்றால் குணசேகரன் தன் பலத்தில் நின்றான், அப்போது நீ விழுந்தது உன் பலவீனம் என்றாகிறது, உன்னை நான் எப்படித் தேற்றுவது? ராத்திரி பகலாக இதையே போட்டு உருட்டுகிறேன். பரிமளாவின் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

ஆடி 2, வெள்ளிக்கிழமை

முதல் பாதியைத் திரும்பப் படித்தேன். நான் எழுதியதை நானே படிப்பது என்ன அதிசயம்! ஆனால் அதில் ஓர் இடத்தில், அந்த ஒரு தடவைதான் என்று எழுதியிருக்கிறேன். வாயால் பொய் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. தாளில் எழுதிய பொய் அங்கேயே உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். பிறகு, இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்வதற்கு அதுவும் வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று தடவை, மாப்பிள்ளை.

இரண்டாவது தடவை, நீ வீட்டுச் சாவியைக் காவ்யாவிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனாய் என்று கேள்விப்பட்ட அன்று. மூன்றாவது, உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று திருச்சி பஸ் ஸ்டாண்டில். காவ்யாவை அவள் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எதிரே கடை. போர்டைப் படிக்க முடிந்தது. பிரசாதம் என்று எனக்குச் சொல்லிக்கொள்ள அங்கே சாமியும் இல்லை. குடித்தேன்.

முறித்தது பெரிய பாவமா, மறைத்தது பெரிய பாவமா என்று கேட்டால் மறைத்தது என்றுதான் சொல்வேன். ராமு கிழவர் எனக்குக் கட்டும்போது, இது ஒரே நாளில் முடிகிற சத்தியம் இல்லை, தினம் காலையில் எழுந்ததும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். நான் பதினெட்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். உன் அக்காள் போன பிறகு சத்தியம் செய்வதை விட்டுவிட்டுச் சத்தியவான் என்ற பேரைத்தான் தினம் துடைத்து வைத்தேன். அந்தப் பேரைப் பார்த்துத்தான் நீ கூனிக் குறுகி ஊரை விட்டே ஓடினாய். முப்பத்தேழாவது நாள் நீ விழுந்தபோது வந்து, மச்சான் நான் விழுந்துட்டேன் என்று சொல்லியிருந்தால், நானும்தான்டா என்று நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன் அக்காள் உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். சாகும்போது அவள் எனக்கு வேறு எதையும் சொல்லவில்லை, “அவனைப் பாத்துக்கங்க” என்றாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

காவ்யாவிடம் டாக்டர் ஆடி தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். இதை உன்னிடம் மறைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. கடிதத்தைக் கேட்டுவிட்டு நீ எழுந்து உட்காரப் போகிறாய் என்று நான் நம்பவில்லை. ஊருக்கு வா என்று கூப்பிடவும் இல்லை. அந்த உடம்போடு பஸ்ஸில் வர முடியாது என்று எனக்குத் தெரியும். உன் முந்திரியை நீ இனிமேல் பார்க்கப் போவதில்லை.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது. அதை நீதான் செய்ய முடியும்.

நான் கடைசியாகக் குடித்து இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். உன்னை இல்லத்தில் சேர்த்தது மாசிக் கடைசி. இன்றோடு நூற்று முப்பது நாள். படுக்கையில் கிடக்கிறவனுக்குச் சரக்கு எங்கே கிடைக்கும், இதெல்லாம் சேர்த்தி இல்லை என்று நீ சொல்வாய். நான் சேர்க்கிறேன். எனக்குத் தெரிந்த மனிதர்களில் என்னைவிடக் கூட நாள் நின்று, நானும் விழுந்தவன் என்று இல்லத்தில் அத்தனை பேர் காதுபடச் சொன்னவன் நீ ஒருவன். எனக்கு வேறு யாரிடம் போவது?

என் கையில் இருந்த பழைய கயிற்றை நேற்று ஆடி முதல் தேதி ஊரணியில் விட்டுவிட்டேன். புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஆடி பதினாலாம் தேதி, புதன்கிழமை, காலை பஸ்ஸில் கிளம்பி மத்தியானத்துக்கு மேல் அங்கே வந்து சேர்வேன். காவ்யா வரவில்லை, நான் மட்டும்தான். நீ எனக்குக் கட்ட வேண்டும். உன் விரல் டம்ளரைக்கூடப் பிடிப்பதில்லை என்று ஜெபக்குமார் தம்பி போனில் சொன்னார். இரண்டு முடிச்சு வேண்டாம், ஒன்று போதும். அதுவும் முடியாவிட்டால் கயிற்றை என் மணிக்கட்டில் வைத்து உன் கையை அதன்மேல் வை. தம்பி முடிச்சுப் போடுவார். நீ கட்டியதாகத்தான் கணக்கு.

அது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. என்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. மறுநாள் காலையில் எழுந்து ஒரு தடவை சத்தியம் செய்வேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஜெபக்குமார் தம்பி, தபால் தாமதமாகி, இது வந்து சேரும்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதற்கும் பிந்திவிட்டால், எனக்குப் போன் பண்ண வேண்டாம். நான் எப்படியும் புதன்கிழமை வருவேன்.

உடையப்பா, உன் அக்காள் கும்பிட்ட தெய்வமெல்லாம் அதுவரைக்கும் உனக்கு வலியைக் குறைக்கட்டும். தினம் இரண்டு வாய் கஞ்சியாவது குடி. என்னிடம் நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். முகம் காட்ட வேண்டாம். நான் வந்து கூப்பிடும்போது கையை மட்டும் வெளியே நீட்டு.

உன் கைக்குக் காத்திருக்கும்,
ஆண்டிச்சாமி